வக்கீலுக்குக் கேஸ் சொல்லப் போன பாரிஸ்டர்

மலர்க் குழுவினர் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நான் காந்தியடிகளை எடுத்துக்கொண்டேன். அடடா, இவரா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உப்பும் ராட்டையும் வட்ட மேஜை மாநாடும் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே படித்தாயிற்று. அவருடைய பொன்மொழிகளைத் தினசரிக் காலண்டரில் கிழித்துப் போட்டு அலுத்தும் போயிருப்பீர்கள். அவற்றில் ஒன்றைக்கூட நான் இங்கே எடுத்துப் போடப்போவதில்லை. நான் சொல்லப்போவது கோட்டும் டையும் போட்ட இருபத்து மூன்று வயது இளைஞரைப் பற்றி. கோர்ட்டில் எழுந்து நின்று பேச நா எழாத ஒரு பாரிஸ்டர், வேறு பாரிஸ்டர்களுக்குக் கேஸ் விவரம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்காகக் கப்பல் ஏறிய கதை இது.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், நாற்பது வருஷத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு போட்டுக் கொண்டிருப்பவன் நான். நம் சங்கக் கூட்டம் எதற்குப் போனாலும் சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சார், ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பிப்பார். பாயசம் வருவதற்குள் ஒரு பாகப்பிரிவினை வழக்கையே சொல்லி முடித்துவிடுவார். ஆனால் எதிர்த்தரப்பு அனுப்பிய நோட்டீஸைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். வக்கீலிடம் கேஸ் சொல்வது என்பது ஒரு தனிக் கலை. ஃபீஸ் பேசுவது அதைவிடப் பெரிய கலை. இரண்டையும் காந்தி எங்கே, யாரிடம் கற்றுக்கொண்டார் என்று பார்த்தால் நம் மாணவர்களுக்கும் பயன்படும், கட்சிக்காரர்களாக ஆகிவிட்ட பழைய மாணவர்களுக்கும் பயன்படும்.

முதலில் கொஞ்சம் சட்டப் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் வக்கீல் தொழில் இரண்டு ஜாதி. கட்சிக்காரர் போய்ப் பார்ப்பது சாலிசிட்டரை. அவர் ஆவணங்களைச் சேகரித்து, சாட்சிகளை விசாரித்து, நடந்ததைக் கோவையாக எழுதி, ஒரு கட்டாகக் கட்டி பாரிஸ்டரிடம் அனுப்புவார். அந்தக் கட்டுக்குத்தான் பிரீஃப் என்று பெயர். பாரிஸ்டர் அதைப் படித்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் வாதாடுவார். கட்சிக்காரர் நேரே பாரிஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. ஃபீஸ் பேசுவதும் பாரிஸ்டர் அல்ல; அவருடைய குமாஸ்தாவும் சாலிசிட்டரும் பேசி முடிப்பார்கள். அந்தக் காலத்தில் கணக்கு பவுனில் அல்ல, கினியில். ஒரு கினி என்றால் இருபத்தொரு ஷில்லிங். அந்தப் பணத்துக்குக் கூலி என்று பெயரில்லை, மரியாதைப் பணம். ஆகவே கொடுக்காவிட்டால் பாரிஸ்டர் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கவும் முடியாது! 1990ல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பாரிஸ்டர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி பிறந்தது. 2004 முதல், அதற்கென்று பயிற்சி பெற்ற பாரிஸ்டர்களைப் பொதுமக்கள் நேராகவே அணுகலாம் என்றும் ஆகியிருக்கிறது. நம் நாட்டில் சென்னை, பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களில் சாலிசிட்டருக்குப் பதில் அட்டர்னி என்றார்கள். 1961ல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம் எல்லோரையும் அட்வகேட் என்ற ஒரே வகுப்பாக்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் பழைய முறை இன்னும் சில காலம் நீடித்தது. இப்போது நாம் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு நேரே வக்கீலிடம் கொடுக்கிறோம். ஆனாலும் சொல்லும் வேலையும் கேட்கும் வேலையும் வேறு வேறு என்பது மாறவில்லை.

இனி நம் பாரிஸ்டருக்கு வருவோம்.

மோகன்தாஸ் 1888ல் லண்டனில் இன்னர் டெம்பிள் என்ற சட்ட விடுதியில் சேர்ந்தார். பாரிஸ்டர் ஆவதற்கு இரண்டு நிபந்தனை. பரீட்சை தேற வேண்டும். பன்னிரண்டு பருவங்கள் விருந்து சாப்பிட வேண்டும். நான் வேடிக்கை பண்ணவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும் இருபத்து நான்கு விருந்துகளில் ஆறுக்காவது போய் உட்கார்ந்தால்தான் அந்தப் பருவம் கணக்கில் சேரும். நான்கு பேர் கொண்ட மேஜைக்கு இரண்டு புட்டி திராட்சை மது வரும். நம்மவர் குடிக்க மாட்டார் என்பதால் அவரைத் தங்கள் மேஜைக்கு இழுத்துக்கொள்ளப் போட்டியே நடக்குமாம். பாடங்களை மட்டும் அவர் ஏமாற்றவில்லை. மற்றவர்கள் குறிப்புப் புத்தகம் படித்துத் தேறிய ரோமன் சட்டத்தை இவர் லத்தீன் மொழியிலேயே உட்கார்ந்து படித்தார். இந்து சட்டத்துக்கு அவர் ஆர்வத்தோடு படித்த நூல் ஜான் மெயின் எழுதியது. அந்த மெயின் நம் சென்னையில் தொழில் நடத்தியவர் என்பதை இளைய வக்கீல்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1891 ஜூன் 10ஆம் தேதி பாரிஸ்டர் பட்டம். 11ஆம் தேதி உயர் நீதிமன்றத்தில் பதிவு. 12ஆம் தேதி கப்பல். மூன்றே நாள்! படிப்பு முடிந்தது, ஆனால் ஒரு வழக்கு மனு எழுதத் தெரியாது. கோர்ட்டில் எப்படி நிற்பது என்று தெரியாது. இந்தப் பயத்தோடுதான் ஊர் திரும்பினார்.

பம்பாயில் ஸ்மால் காஸ் கோர்ட்டில் மமிபாய் என்ற பெண்மணியின் கேஸ் கிடைத்தது. பிடித்துக் கொடுத்த தரகருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றார். பெரிய பெரிய வக்கீல்களே கொடுக்கிறார்கள் என்றார்கள். அப்போதும் மாட்டேன்தான். ஃபீஸ் முப்பது ரூபாய். ஒரே நாளில் முடியக்கூடிய சாதாரண வழக்கு. பிரதிவாதி தரப்பு என்பதால் வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். எழுந்தார். தலை சுற்றியது. கோர்ட்டே சுற்றுவது போலிருந்தது. கேட்க ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரரின் ஏஜெண்டிடம் தன்னால் முடியாது என்று சொல்லி, பட்டேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளும்படி கூறி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டேலுக்கு ஐம்பத்தொரு ரூபாய் ஃபீஸ். மமிபாய் ஜெயித்தாரா தோற்றாரா என்று பார்க்கக்கூட நிற்காமல் நம்மவர் வெளியே ஓடிவிட்டார். அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்கா போகும் வரை அவர் கோர்ட் வாசலை மிதிக்கவில்லை.

எல்லோரும் இதைக் கூச்சத்தின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த முப்பது ரூபாய். வேலை செய்யவில்லை, பணம் திரும்பியது. அதோடு, இந்த வேலைக்கு யார் தகுந்தவர் என்ற பெயரும் சேர்ந்து வந்தது. எத்தனையோ கட்சிக்காரர்கள் ஒரு வக்கீலிடமிருந்து இன்னொருவரிடம் கட்டை மாற்றிக்கொண்டு போக அலைவதை நான் பார்த்திருக்கிறேன். முன்பணம் திரும்பிய கேஸ்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை.

பிழைப்புக்கு என்ன செய்வது? ஒரு பள்ளிக்கூடத்தில் தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லித்தர எழுபத்தைந்து ரூபாய் சம்பளத்தில் ஆள் தேவை என்று விளம்பரம் பார்த்துப் போனார். பட்டதாரி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். பாரிஸ்டருக்கு வாத்தியார் வேலையும் இல்லை! ராஜ்கோட்டுக்குத் திரும்பி, அண்ணனின் தயவில் மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்து மாதம் முன்னூறு ரூபாய் போலச் சம்பாதித்தார். அங்கே வேலை அனுப்பும் வக்கீலுக்குப் பங்கு தர வேண்டியிருந்தது. பம்பாயில் பிடித்த பிடிவாதத்தை ராஜ்கோட்டில் பிடிக்க முடியவில்லை. இதை அவரே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்கு ஒரு தகவல் வந்தது. போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வியாபாரிகளான தாதா அப்துல்லா கம்பெனிக்குத் தென்னாப்பிரிக்காவில் பெரிய வழக்கு. நாற்பதாயிரம் பவுன் பாக்கி. அங்கே முதல் தரமான அட்டர்னிகளையும் பாரிஸ்டர்களையும் அமர்த்தியாகிவிட்டது. ஆனால் கணக்கு வழக்கெல்லாம் குஜராத்தியில். வெள்ளைக்கார வக்கீல்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? தம்பியை அனுப்பினால் நம் வக்கீல்களுக்கு நம்மைவிட நன்றாக விஷயத்தை விளக்குவார் என்பது அவர்கள் எண்ணம். நிபந்தனைகளை கம்பெனியின் பங்குதாரர் சேட் அப்துல் கரீம் ஜவேரி நேரில் பேசினார். ஒரு வருஷத்துக்கு மேல் போகாது. போக வர முதல் வகுப்புக் கட்டணம். தங்குமிடம் சாப்பாடு கம்பெனி பொறுப்பு. எல்லாம் போகக் கையில் நூற்றைந்து பவுன்.

நூற்றைந்து பவுன் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாயிரத்து நூறு ஷில்லிங். இருபத்தொன்றால் வகுத்தால் சரியாக நூறு கினி! தொகை என்னவோ பாரிஸ்டர் கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் வேலை பாரிஸ்டர் வேலை அல்ல, கம்பெனியின் சம்பள ஆள் வேலை. அது அவருக்கும் நன்றாகவே தெரிந்திருந்தது. பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். 1893 ஏப்ரலில் புறப்பட்டு மே மாதக் கடைசியில் டர்பன் போய்ச் சேர்ந்தார்.

சேட் தாதா அப்துல்லாவுக்கு இவரைப் பார்த்ததும் திக்கென்றது. யானையைக் கட்டித் தீனி போடுவது போல இருக்கிறதே என்று நினைத்தார். எதிரிகளோ பிரிட்டோரியாவில். இந்தச் சீமை உடுப்புப் பையனைத் தனியாக அங்கே அனுப்பினால் எதிரி தன் பக்கம் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது? சேட்டுக்கு அதிகம் எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஆளை எடை போடத் தெரியும்.

கேஸைப் புரிந்துகொள்ள உட்கார்ந்தார் காந்தி. எல்லாம் பற்று வரவு. வாதியின் கணக்கன் சொல்லச் சொல்லத் தலை சுற்றியது. எங்கே பார்த்தாலும் பி. நோட்டு, பி. நோட்டு என்று வருகிறது. அகராதியைப் புரட்டினார், இல்லை. கடைசியில் கணக்கனிடமே கேட்டார். நம் ஊரில் ஆடு மாடு வாங்கிய குடியானவருக்குக்கூடத் தெரிந்த புரோநோட்டுதான் அது! லண்டனில் படித்த பாரிஸ்டருக்குத் தெரியவில்லை. அவர் வெட்கப்படவில்லை. கணக்குப் பதிவு பற்றி ஒரு புத்தகம் வாங்கி ஆரம்பத்திலிருந்து படித்தார். அதன் பிறகுதான் கேஸ் பிடிபட்டது. கட்சிக்காரரின் தொழில் தெரியாமல் கட்சிக்காரரின் கேஸ் தெரியாது என்பது அவருக்குக் கிடைத்த முதல் பாடம்.

பிரிட்டோரியா அட்டர்னியிடமிருந்து கடிதம் வந்தது. கேஸுக்குத் தயாராக வேண்டும், சேட் நேரில் வரட்டும் அல்லது ஆள் அனுப்பட்டும் என்று. காந்தி கிளம்பினார். அந்தப் பயணத்தில் மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கித் தள்ளப்பட்டது உலகமறிந்த கதை. உலகம் அதிகம் கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தக் குளிர் ராத்திரி காத்திருப்பறையில் உட்கார்ந்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அவர் யோசித்தார். ஒத்துக்கொண்ட வேலையை முடிக்காமல் ஓடுவது கோழைத்தனம் என்ற எண்ணம் அவரை நிறுத்தியது. அதாவது, அந்த ஒரு வருஷ ஒப்பந்தம் நடுவில் நின்றது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் கட்சிக்காரர். பெட்டியில் இருந்தது கட்சிக்காரரின் வேலை. சரித்திரப் புத்தகங்களில் இந்த வரிக்கு இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்துப் போடலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிரிட்டோரியாவில் அட்டர்னி ஏ. டபிள்யூ. பேக்கர். வழக்குத் தொழிலோடு கிறிஸ்தவ மதப் பிரசங்கமும் செய்தவர். அவர் எடுத்த எடுப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: இங்கே உங்களுக்குப் பாரிஸ்டராக வேலை இல்லை, சிறந்த வக்கீலை அமர்த்தியிருக்கிறோம், கட்சிக்காரரிடமிருந்து எனக்கு வேண்டிய விவரங்களை உங்கள் மூலம் கேட்டுக்கொள்கிறேன். வேறொருவராயிருந்தால் மூஞ்சி தொங்கியிருக்கும். காந்திக்கு அது வசதியாகப் போயிற்று. பேக்கரே ஒரு ரொட்டிக்காரர் வீட்டில் வாரம் முப்பத்தைந்து ஷில்லிங்குக்கு ஜாகை பார்த்துக் கொடுத்தார்.

கேஸ் என்ன என்றால், கோரிய தொகையில் ஒரு பகுதி புரோநோட்டுகள் மேல்; இன்னொரு பகுதி புரோநோட்டு எழுதித் தருகிறேன் என்று சொன்ன வாக்கை நிறைவேற்றச் சொல்லி. எதிர்த்தரப்பு வாதம், நோட்டுகள் மோசடியாக வாங்கப்பட்டவை, அவற்றுக்கு ஈடான பிரதிபலன் இல்லை என்பது. எதிரி தையப் ஹாஜி கான் முகமது சேட், தாதா அப்துல்லாவுக்கு நெருங்கிய உறவினர், ஒரே ஊர்க்காரர். நம்ம ஊர் பங்காளி வழக்கு மாதிரிதான், பவுன் கணக்கில்.

குஜராத்திக் கடிதங்களையெல்லாம் மொழிபெயர்த்து, நடந்தவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, அட்டர்னிக்கு எழுதிக் கொடுப்பது காந்தியின் வேலை. அவர் எழுதிக் கொடுத்ததில் அட்டர்னி எதை எடுத்துக்கொள்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று கவனித்தார். அட்டர்னி தயாரித்த பிரீஃபில் பாரிஸ்டர் எதைப் பயன்படுத்துகிறார், எதை விடுகிறார் என்று மறுபடி கவனித்தார். இதை விட நல்ல சட்டக் கல்லூரி எங்கே கிடைக்கும்? மேலே நின்று வாதாடுபவருக்கு இந்தப் பார்வை கிடைக்காது. கீழே நின்று கட்டுக் கட்டிக் கொடுத்தவருக்குத்தான் எந்தத் தாள் கனமானது, எது வெறும் காகிதம் என்று தெரியும். கட்சிக்காரரிடம் பத்து சங்கதி இருக்கும். கோர்ட்டுக்கு வேண்டியது மூன்று. அந்த மூன்று எவை என்று கட்சிக்காரருக்குத் தெரியாது. ஆகவே பத்தையும் அவர் சொல்லியாக வேண்டும், வெட்கமான அந்த ஒன்பதாவது சங்கதி உட்பட.

பின்னாளில் வேறொரு வழக்கில், நியாயம் தன் கட்சிக்காரர் பக்கம் இருந்தும் சட்டம் எதிராகத் தோன்றியது. தென்னாப்பிரிக்காவில் பெயர் பெற்ற பாரிஸ்டர் லெனார்டிடம் போனார் காந்தி. அவருக்கும் சங்கதிகள் பலமாகப் பட்டன. சங்கதிகளைக் கவனித்துக்கொண்டால் சட்டம் தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் என்ற கருத்தில், மறுபடி போய் ஆழமாகப் பார்த்து வரச் சொன்னார். காந்தி திரும்பப் படித்தபோது அதே காகிதங்கள் வேறு விதமாகத் தெரிந்தன. அதற்குப் பொருத்தமான பழைய தென்னாப்பிரிக்கத் தீர்ப்பு ஒன்றும் கிடைத்தது. சட்டத்தில் முக்கால் பங்கு சங்கதிதான் என்று அன்று அவருக்கு உறுதிப்பட்டது.

தாதா அப்துல்லா கேஸ் பலமான கேஸ். ஜெயிக்கும் என்று காந்திக்கு நிச்சயமாயிற்று. ஆனால் அவர் இன்னொரு கணக்கும் போட்டார். இரு தரப்பிலும் வக்கீல் செலவு ஏறிக்கொண்டே போகிறது. ஜெயித்தவருக்கு எதிராளி தர வேண்டிய செலவுத் தொகை என்று கோர்ட் ஒரு விகிதம் வைத்திருக்கிறது. தன் அட்டர்னிக்கு ஒருவர் உண்மையில் கொடுக்கும் தொகை அதைவிட எவ்வளவோ அதிகம். வித்தியாசம் யார் தலையில்? ஜெயித்தவர் தலையில்தான். இன்றைக்கும் நம் கோர்ட்டுகளில் செலவுத் தொகையுடன் தீர்ப்பு என்று கேட்டுத் துள்ளிக் குதிக்கும் கட்சிக்காரர், டிகிரி நகலில் அந்தத் தொகையைப் பார்த்ததும் அமைதியாகிவிடுகிறார். வக்கீலை அமர்த்தும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. அநேகமாக யாரும் கேட்பதில்லை.

காந்தி தையப் சேட்டிடம் போய், உறவினர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி கெஞ்சினார். இப்படி முயலப்போவதாக டர்பனிலேயே தாதா அப்துல்லாவிடம் அவர் சொல்லியிருந்தார். கட்சிக்காரருக்குத் தெரியாமல் எதிரி வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை. தங்கள் கடிதங்கள் எதிரி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று சேட் கவலைப்பட்டிருந்தார். அந்த இரகசியமும் காக்கப்பட்டது. கடைசியில் மத்தியஸ்தருக்கு விடச் சம்மதித்தார்கள். மத்தியஸ்தர் தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். முப்பத்தேழாயிரம் பவுனும் செலவுத் தொகையும்.

இங்கே பெரும்பாலான வக்கீல்கள் கட்டை மூடிவிடுவார்கள். தையப் சேட்டால் அவ்வளவு பணத்தை ஒரே மொத்தமாகக் கொடுக்க முடியாது. திவாலாவதைவிடச் சாவதே மேல் என்பது அந்த மேமன் வியாபாரிகளின் எழுதாத சட்டம். ஒரு பைசா குறையாமல் கொடுக்க அவருக்கு மனம் இருக்கிறது, வேண்டியது அவகாசம். மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்ததைவிடத் தவணைக்கு தாதா அப்துல்லாவை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் காந்திக்கு அதிகக் கஷ்டமாயிருந்தது. கடைசியில் நீண்ட தவணை கிடைத்தது. இருவருமே ஊரில் மதிப்போடு நடமாடினார்கள். இருபது வருஷத் தொழிலில் நூற்றுக்கணக்கான வழக்குகளை இப்படியே ராஜி செய்துவைத்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். அதனால் பணத்திலும் தனக்கு நஷ்டமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ராஜி என்றால் வக்கீல் வயிற்றில் அடி என்று நினைக்கும் ஜூனியர்கள் கவனிக்கவும்.

ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப இருந்தவரை 1894ல் டர்பன் வியாபாரிகள் நிறுத்தினார்கள். நேட்டாலில் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா வந்திருந்தது. எவ்வளவு ஃபீஸ் வேண்டும் என்றார்கள். பொதுக் காரியத்துக்கு ஃபீஸ் கிடையாது என்றார் காந்தி. ஆனால் காற்றைக் குடித்துக் குடும்பம் நடத்த முடியுமா? வருஷம் முன்னூறு பவுனுக்குக் குறைந்து அங்கே வீடு நடத்த இயலாது என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். வியாபாரிகள் தங்கள் சொந்த வழக்கு வேலைகளை அவருக்குத் தருவதாக உறுதி செய்ய வேண்டும். சுமார் இருபது பேர் ஒரு வருஷத்துக்கான ரிடெயினர் கட்டணம் கொடுத்தார்கள். வழியனுப்பும்போது தர வைத்திருந்த பண முடிப்புக்குப் பதில் தாதா அப்துல்லா மேஜை நாற்காலி வாங்கிப் போட்டார். பொதுப் பணம் வேறு, தொழில் பணம் வேறு என்று இவ்வளவு கறாராகக் கோடு போட்ட ஏற்பாட்டை நான் வேறெங்கும் படித்ததில்லை.

நேட்டால் கோர்ட்டில் பதிவு செய்யப் போனால் அங்கிருந்த வக்கீல் சங்கம் எதிர்த்தது. விதிகள் எழுதியபோது கறுப்பு மனிதர் விண்ணப்பிப்பார் என்று யாரும் நினைக்கவில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சங்கத்துக்காக அமர்த்தப்பட்ட வக்கீலும் தாதா அப்துல்லா கம்பெனியோடு தொடர்புள்ளவர் என்பது வேடிக்கை. நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளியது. 1894 செப்டம்பர் 3ஆம் தேதி காந்தி அங்கே அட்வகேட்.

மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். கந்தல் உடுத்திய ஒரு தமிழர், முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கியபடி வந்து நின்றார். பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. வெள்ளைக்கார எஜமான் அடித்த அடி. அவர் பேசியது தமிழ். நல்லவேளையாக ஆபீஸ் குமாஸ்தா ஒரு தமிழர். நாற்பதாயிரம் பவுன் கேஸில் குஜராத்தி வியாபாரிக்கும் ஆங்கில வக்கீலுக்கும் நடுவே காந்தி செய்த அதே வேலையை, இங்கே பாலசுந்தரத்துக்கும் காந்திக்கும் நடுவே ஒரு குமாஸ்தா செய்தார்! காந்தி முதலில் டாக்டரிடம் அனுப்பிக் காயச் சான்றிதழ் வாங்கினார். பிறகு அடிபட்டவரோடு மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் பிரமாணம் கொடுத்தார். எஜமானைத் தண்டிப்பது அவர் நோக்கமல்ல. பாலசுந்தரத்தை அந்த ஆளிடமிருந்து விடுவிப்பது. வேறொரு எஜமானுக்கு ஒப்பந்தம் மாற்றப்பட்டது. அதற்கான வேறு எஜமானையும் காந்தியே தேடிப் பிடித்தார். செய்தி கூலிக் குடிசைகளெல்லாம் பரவி, சென்னை வரை வந்தது. 1896 அக்டோபரில் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் பேச வந்தபோது திரண்ட கூட்டத்துக்குப் பாலசுந்தரம் விவகாரமும் ஒரு காரணம்.

1903ல் ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் தொடங்கியபோது அவர் எடுத்த முடிவு நம் விஷயத்துக்கு நேரே சம்பந்தப்பட்டது. டிரான்ஸ்வாலில் அட்வகேட்டும் அட்டர்னியும் தனித்தனி. லண்டன் பாரிஸ்டர், அட்வகேட்டாகத்தானே பதிந்துகொள்வார்? இவர் அட்டர்னியாகப் பதிந்துகொண்டார். அட்வகேட் ஆனால் இந்தியக் கட்சிக்காரர்களோடு நேரே பேச முடியாது. வெள்ளைக்கார அட்டர்னிகளோ இவருக்குப் பிரீஃப் அனுப்ப மாட்டார்கள். பட்டத்தின் பெருமையைப் பார்க்காமல் மக்கள் கைக்கு எட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அங்கே அவர் கட்சிக்காரர்களிடம் வைத்த நிபந்தனைகள் எழுத்தில் இல்லை, ஆனால் ஊருக்கே தெரியும். பொய்க் கேஸ் எடுக்க மாட்டேன், சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஃபீஸ் ஒன்றுதான். ஜெயித்தால் கூடுதல் என்ற பேச்சே இல்லை. தனக்குப் பிடிபடாத விஷயமானால் வேறு வக்கீலிடம் போகச் சொல்வார். இல்லை நீங்களே பாருங்கள் என்றால் சீனியரின் உதவியைப் பெற அனுமதி கேட்பார். இதன் பலன் என்ன தெரியுமா? சில கட்சிக்காரர்கள் நல்ல கேஸை இவரிடமும் சந்தேகக் கேஸை வேறிடத்திலும் கொடுத்தார்கள்! ஒருமுறை மாஜிஸ்திரேட் முன் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தன் கட்சிக்காரர் தன்னை ஏமாற்றியிருக்கிறார் என்று தெரிந்ததும், வழக்கைத் தள்ளிவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார். எதிர்த்தரப்பு வக்கீல் திகைத்துப் போனார்.

இன்னொரு வழக்கில் பெரிய சிக்கல். கணக்குத் தெரிந்த மத்தியஸ்தர்கள் கொடுத்த தீர்ப்பு முழுக்கத் தன் கட்சிக்காரருக்குச் சாதகம். ஆனால் பற்றில் இருக்க வேண்டிய ஒரு தொகை தவறுதலாக வரவில் ஏறியிருந்தது. எதிராளிகள் அதைக் கவனிக்கவில்லை. வேறு காரணம் சொல்லித் தீர்ப்பை எதிர்த்தார்கள். காந்தி அதில் ஜூனியர். கட்சிக்காரருக்குப் பாதகமானதை வக்கீல் ஒத்துக்கொள்ளக் கடமையில்லை, ஒத்துக்கொண்டால் முழுத் தீர்ப்பும் போய்விடும் என்றார் சீனியர். அவர் சொன்னது சட்டப்படி சரியான யோசனைதான். காந்தி, தவறை நாமே சொல்ல வேண்டும் என்றார். அப்படியானால் நான் வாதாட மாட்டேன் என்று சீனியர் விலகினார். முடிவு கட்சிக்காரரிடம் வந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தோற்றாலும் பரவாயில்லை, நீங்களே வாதாடுங்கள் என்று ஒப்படைத்தார். நீதிபதிகள் முதலில் இது ஏதோ தந்திரம் என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு விளக்கத்தைக் கேட்டு, அந்த ஒரு பதிவை மட்டும் திருத்தித் தீர்ப்பை உறுதி செய்தார்கள். எனக்கு இதில் நாயகர் காந்தி அல்ல, பெயர் தெரியாத அந்தக் கட்சிக்காரர். பணம் அவருடையது அல்லவா?

பார்ஸி ருஸ்தம்ஜி கேஸையும் சொல்ல வேண்டும். காந்தியின் நெருங்கிய நண்பர், கட்சிக்காரர், பொதுக்காரியங்களுக்கு வாரிக் கொடுத்தவர். எல்லா ரகசியத்தையும் காந்தியிடம் சொல்வார், ஒன்றைத் தவிர. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வரும் சரக்கில் அவ்வப்போது சுங்கம் ஏய்த்து வந்தார். அகப்பட்டுக்கொண்ட பிறகுதான் கண்ணீரோடு ஓடி வந்தார். ருஸ்தம்ஜியின் விருப்பப்படி வேறொரு வக்கீலையும் கலந்துகொண்டார்கள். நேட்டால் ஜூரிகள் ஓர் இந்தியரை விடுதலை செய்ய மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. கோர்ட்டுக்கே போகாமல் அதிகாரிகளிடம் முழுதும் ஒப்புக்கொள்வோம் என்பது காந்தியின் யோசனை. சிறைக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். ஒப்புக்கொண்ட தொகைக்கு இரண்டு மடங்கு அபராதத்தோடு விவகாரம் முடிந்தது. ருஸ்தம்ஜி நடந்ததை எல்லாம் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் ஆபீஸிலேயே மாட்டி வைத்தார், வாரிசுகளும் மற்ற வியாபாரிகளும் பார்க்கட்டும் என்று.

தொழிலின் கடைசிப் பக்கங்கள் சுருக்கம். 1908 ஜனவரியில், தான் பலமுறை வக்கீலாக நின்ற ஜோகன்னஸ்பர்க் கோர்ட்டிலேயே குற்றவாளிக் கூண்டில் நின்று இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். போராட்டம் பெருகப் பெருகத் தொழில் தானாக நழுவியது. இந்தியா திரும்பிய பிறகு அவர் வக்கீல் தொழில் நடத்தவில்லை. 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் ராஜத்துரோக வழக்கு; எதிர்வாதம் செய்ய அவர் யாருக்கும் பிரீஃப் கொடுக்கவில்லை; குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆறு வருஷம் தண்டனை வாங்கினார். அந்த நவம்பரில் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தது. மறுபடி சேர்த்தது 1988ல். அப்போது அவர் மறைந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.